போடிமெட்டில் ஓட்டிப் பழகியவர்கள் தாய்லாந்தில் பைக் வாடகைக்கு எடுக்கும்போது

கம்பம், போடி, குமுளிப் பக்கத்துப் பையன்களுக்கு மலையில் பைக் ஓட்ட யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவையும் மேகம் மூடிக் கிடக்கும்போது, எதிரே ஏலத்தோட்டத்து ஜீப் பாதி ரோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது, பின்னால் அம்மாவை உட்கார வைத்து ஏறி இறங்கியவர்களுக்கு வடக்குத் தாய்லாந்தின் மலைச்சாலை பெரிய அதிசயமாக இருக்காது. ஆனால் முன்பின் தெரியாத ஊரில் அடுத்தவர் வண்டியை வாடகைக்கு வாங்கி, கீறல் இல்லாமல் திருப்பிக் கொடுத்து, கட்டிய டெபாசிட்டை முழுதாகக் கையில் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவது வேறு வேலை. நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அதில்தான். அதனால் இங்கே ஓட்டுவதைப் பற்றிக் கொஞ்சமாகவும் பேப்பர், கடை, டெபாசிட் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

ஏன் தாய்லாந்து என்றால், நமக்கு அதுதான் வசதி. கொச்சி நெடும்பாசேரியில் இருந்து பாங்காக்குக்கு நேரடி விமானம் இருக்கிறது, அங்கிருந்து வடக்கே உள்ள சியாங் மாய் நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக இன்னொரு விமானம், அல்லது ராத்திரி ரயில். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், இது சின்ன விஷயமில்லை. வண்டிகளும் தெரிந்த வண்டிகள்தான்: ஆர்15, ஹோண்டா சிபிஆர்150ஆர், சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்150, கொஞ்சம் மேலே போனால் சிபிஆர்300ஆர், ஆர்3, நின்ஜா 400. சியாங் மாயில் பழைய நகரத்துக் கோட்டை அகழியைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

முதலில் பேப்பர்

இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட், சுருக்கமாக ஐடிபி, இல்லாமல் கிளம்பாதீர்கள். "அங்கே யாரும் கேட்பதில்லை, போன வருஷம் என் மச்சான் ஓட்டினான்" என்று டீக்கடையில் சொல்லும் ஆட்கள் இருக்கத்தான் செய்வார்கள், கடைக்காரரும் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிடுவார். கேட்கப் போவது போலீஸும் ஆஸ்பத்திரியும் இன்சூரன்ஸ் கம்பெனியும்.

பரிவாகன் இணையதளத்தில் சாரதி பக்கத்துக்குப் போய் விண்ணப்பிக்கலாம். படிவம் 4ஏ, டாக்டர் கையெழுத்துடன் படிவம் 1ஏ, பாஸ்போர்ட், விமான டிக்கெட், விசா தேவைப்படும் நாடு என்றால் அதன் நகல், புகைப்படம். கட்டணம் 1,000 ரூபாய், அதோடு சில்லறைச் சேவைக் கட்டணங்கள். நம் பக்கத்துக்குத் தேனி ஆர்டிஓ, அல்லது உத்தமபாளையம் அலுவலகம், உங்கள் லைசென்ஸ் எதில் இருக்கிறதோ அது. ஒரு வருஷம்தான் செல்லும், அதனால் ரொம்ப முன்னாலேயே எடுத்து வைத்து வீணாக்க வேண்டாம், கடைசி வாரத்துக்கும் விட வேண்டாம்.

பலர் பார்க்காமல் விடுவது ஒன்று. ஐடிபியில் வண்டி வகை ஏ, பி, சி என்று பிரித்திருக்கும், ஏ என்பது மோட்டார் சைக்கிள், பி என்பது கார். உங்கள் லைசென்ஸில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான எம்சிடபிள்யூஜி இருந்தால்தான் ஏ கிடைக்கும். சிலர் ஸ்கூட்டிக்கான லைசென்ஸும் காருக்கான லைசென்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு காலேஜ் காலத்தில் இருந்து புல்லட் ஓட்டிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் முதலில் அதைச் சரி செய்துகொள்ள வேண்டும். கவுண்டரை விட்டு நகரும் முன்பே ஏ இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அங்கேயே கேளுங்கள். பி மட்டும் உள்ள ஐடிபியை வைத்துக்கொண்டு பைக் ஓட்டினால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதுதான். அப்புறம், ஐடிபி தனியாகச் செல்லாது, ஒரிஜினல் இந்திய லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும், போனில் உள்ள டிஜிலாக்கரை அங்கே காட்டிப் பயனில்லை.

அடுத்தது பயண இன்சூரன்ஸ். விமான டிக்கெட்டோடு சேர்த்து நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு ஒட்டிக்கொண்டு வருவதை நம்பாதீர்கள். பாலிசியின் விதிவிலக்குப் பக்கத்தைத் திறந்து இரு சக்கர வாகனம் என்று எங்கே வருகிறது என்று தேடிப் படியுங்கள். சிலவற்றில் இருசக்கர வாகன விபத்தே கிடையாது, சிலவற்றில் இத்தனை சிசி வரைதான் என்ற வரம்பு இருக்கும், எல்லாவற்றிலும் செல்லுபடியாகும் லைசென்ஸும் ஹெல்மெட்டும் மது இல்லாமையும் கட்டாயம். 155 சிசி வண்டியை எடுத்துவிட்டு 150 வரைதான் என்ற வரியைப் பிறகு பார்த்து என்ன செய்வது. கால் எலும்பு முறிந்து தனியார் ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் லட்சக்கணக்கில் வரும், வீட்டில் தோட்டத்தை அடகு வைக்கும் அளவுக்குக்கூட வரும். இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள், ஓட்டல் ரூமில் பாருங்கள்.

மதுவைப் பற்றி ஒரே வரி: இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரம்பு, தாய்லாந்தில் 50, இந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடுகிற ஆள் பைக் எடுக்காமல் இருப்பதே நல்லது.

எந்த வண்டி

ஆசைப்படுவதைவிட ஒரு படி சின்ன வண்டியை எடுங்கள். ஊரில் ஓட்டக் கிடைக்காத நின்ஜா 400 அங்கே வரிசையில் நிற்கும்போது கை அரிக்கத்தான் செய்யும். ஆனால் தெரியாத ரோடு, தெரியாத போக்குவரத்து, தெரியாத வண்டி மூன்றையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம், இதில் வண்டியையாவது தெரிந்ததாக வைத்துக்கொள்ளலாம். ஆர்15 என்றால் 155 சிசி, 18.4 பிஎஸ், எடை 140 கிலோ சொச்சம், 11 லிட்டர் டேங்க், தனி ஆளுக்கு சியாங் மாய் மலைகளில் இது தாராளம். சீட் உயரம் 815 மில்லிமீட்டர், ஸ்ப்ளெண்டரில் 785, உயரம் குறைந்தவர்கள் கடையிலேயே உட்கார்ந்து இரண்டு பாதமும் ஊன்ற முடிகிறதா என்று பார்க்கவும். மலைச்சரிவில் நிறுத்தும்போது அந்த மூன்று சென்டிமீட்டர் பேசும்.

ஸ்ப்ளெண்டர் மட்டும் ஓட்டிப் பழகியவர்களுக்கு இன்னொரு சங்கதி. அதில் எல்லா கியரும் முன்னால் மிதித்தால் விழும். ஸ்போர்ட்ஸ் பைக்கில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றதெல்லாம் கால்விரலால் மேலே தூக்க வேண்டும். பதற்றத்தில் பழைய பழக்கம் வந்து, மேல் கியர் போடுவதாக நினைத்துக் கீழே மிதித்தால் பின் சக்கரம் பிடித்து இழுத்துவிடும். ஊரில் ஆர்15 இல்லாத தெருவே இப்போது கிடையாது, தெரிந்த தம்பி யாரிடமாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டு வாங்கி, பெட்ரோல் போட்டுக் கொடுத்து, போடிமெட்டு ஏறி பூப்பாறை வரை போய் இறங்கிப் பாருங்கள். இறங்கி வரும்போது மணிக்கட்டும் கழுத்தும் என்ன சொல்கின்றன என்பதைக் கேட்டு முடிவு செய்யலாம். மணிக்கட்டு வலித்தால் முழு எடையையும் ஹேண்டில்பாரில் போடுகிறீர்கள் என்று அர்த்தம், முட்டியால் டேங்கை இறுக்கிப் பிடித்து இடுப்பில் உட்கார வேண்டும். அப்படியும் வலித்தால் அங்கே போய் நேராக உட்கார்ந்து ஓட்டும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

ஜோடியாகப் போகிறவர்கள் ஸ்போர்ட்ஸ் பைக்கை மறந்துவிடலாம். பின் சீட் உயரமாக, கைக்குட்டை அகலத்தில் இருக்கும், இறக்கத்தில் பின்னால் இருப்பவரின் எடை முழுக்க உங்கள் முதுகில் சரியும். புதுக் கல்யாணம் என்றால் முதல் அரை மணி நேரம் நன்றாக இருக்கலாம். 160 சிசி ஸ்கூட்டர் ஒன்று எடுத்துக்கொண்டால் இருவரும் பேசிக்கொண்டே ஊர் திரும்புவீர்கள்.

சாமானுக்கும் இடம் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். காந்தம் வைத்த டேங்க் பேக் பிளாஸ்டிக் மூடிய டேங்கில் ஒட்டாது. பெரிய பையை ஓட்டலிலோ கடையிலோ விட்டுவிட்டு, பின் சீட்டில் கட்டும் சின்னப் பை ஒன்றோடு போவதுதான் வழி. முதுகில் கனமான பையை மாட்டினால் சாயங்காலம் தோள் இருக்காது.

கடையில்

ஸ்கூட்டர் நாள் வாடகை சுமாராக 200 முதல் 300 பாட் வரை இருக்கும், 150 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் அதைப் போல இரண்டு மடங்கு வரை போகும், சீசனைப் பொறுத்து மாறும். ஒரு பாட் நம் காசில் இரண்டரை ரூபாய்க்கு மேல். நான்கைந்து நாள் சேர்த்து எடுத்தால் குறைத்துக் கொடுப்பார்கள், கேளுங்கள், ஆனால் கம்பம் சந்தையில் பேசுவதுபோல் குரலை உயர்த்தினால் அங்கே காரியம் கெட்டுவிடும். சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும்.

பாஸ்போர்ட்டை ஈடாகக் கொடுக்காதீர்கள். பல கடைகளில் கேட்பார்கள், எல்லோரும் கொடுக்கிறார்கள் என்பார்கள். பாஸ்போர்ட் அவர் மேஜை டிராயரில் இருக்கும்வரை ஒரு கீறலுக்கு அவர் சொன்னதுதான் விலை, உங்களால் விமானம் ஏற முடியாது, வேறு ஓட்டலில் அறைகூட எடுக்க முடியாது. சில ஆயிரம் பாட் ரொக்க டெபாசிட்டும் பாஸ்போர்ட் நகலும் வாங்கிக்கொள்ளும் கடைகள் இருக்கின்றன, நாலு கடை ஏறி இறங்கினால் கிடைக்கும். டெபாசிட்டுக்குத் தொகை எழுதிய ரசீது வாங்குங்கள்.

ஒப்பந்தத்தாளைப் படியுங்கள். வண்டி திருடு போனால் யார் பொறுப்பு, எவ்வளவு கட்ட வேண்டும், நடுவழியில் நின்றால் யார் வருவார்கள், வேறு மாகாணத்துக்குக் கொண்டு போகலாமா. மே ஹாங் சோன் தனி மாகாணம், சியாங் மாய்க்குள் மட்டும் என்று எழுதியிருந்தால் அங்கே போவது ஒப்பந்த மீறல். முக்கியமாக ஃபேரிங்குக்கு, அதாவது வண்டியின் முன்னாலும் பக்கத்திலும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறைக்கு, என்ன விலை போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஸ்கூட்டர் விழுந்தால் ஒரு லீவர், ஒரு கண்ணாடி. ஸ்போர்ட்ஸ் பைக் நின்ற இடத்தில் சாய்ந்தால்கூட பக்கவாட்டு ஃபேரிங், இண்டிகேட்டர், லீவர், ஃபுட்ரெஸ்ட் எல்லாம் சேர்ந்து போகும், மூன்று நாள் வாடகையை விட அந்த பிளாஸ்டிக் துண்டுக்கு விலை அதிகம். விலைப்பட்டியல் எழுத்தில் இருக்கும் கடையே நல்ல கடை.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்று கடைக்காரர் சொன்னால் எந்த இன்சூரன்ஸ் என்று கேட்க வேண்டும். போ ரோ போ என்று அங்கே சொல்லும் கட்டாய இன்சூரன்ஸ் எல்லா வண்டிக்கும் உண்டு, அது ஆளுக்கு ஏற்படும் காயத்துக்குத்தான், யார் மேல் தப்பு என்று பார்க்காமல் கொடுக்கும் ஆரம்ப மருத்துவச் செலவு 30,000 பாட் வரைதான். வண்டிக்கு ஒரு பைசா கிடையாது, நீங்கள் இடித்த காருக்கும் கிடையாது. வண்டிச் சேதத்துக்குத் தனியாக நாளுக்கு இவ்வளவு என்று வாங்கும் கடை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்பதையும் கேட்டுவிட்டு. பதிவுப் புத்தகத்தின் நகலும் போ ரோ போ நகலும் வண்டியோடு தர வேண்டும், வரி வில்லை காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

அப்புறம் வண்டியைப் பாருங்கள், அவசரப்படாமல். கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே போனில் வீடியோ எடுங்கள், முன்னால் தொடங்கி வண்டியைச் சுற்றி வந்து, ஃபேரிங்கின் அடிப்பாகம், சைலன்சரின் வெளிப்பக்கம், லீவர் நுனி, ஹேண்டில்பார் நுனி, கண்ணாடியின் பின்புறம், ரிம் ஓரம் எல்லாவற்றையும் கிட்டத்தில் காட்டி, கடைசியில் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரையும் பெட்ரோல் அளவையும். வண்டி எங்கே விழுந்தாலும் முதலில் தேய்வது இந்த இடங்கள்தான், பழைய கீறல் இருந்தால் ஒப்பந்தத்தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒரு சின்ன வட்டத்துக்குள் இருக்கும், 2323 என்றால் 2023ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருஷப் பழையது என்றால் ரப்பர் இறுகிப் போயிருக்கும், மழையில் பிடிக்காது, வேறு வண்டி கேளுங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். செயினை நடுவில் தூக்கிப் பார்த்தால் ஒரு இன்ச் அளவுக்கு ஆட வேண்டும், தொங்கவும் கூடாது, கம்பி மாதிரி நிற்கவும் கூடாது. பிரேக் பேடை டார்ச் அடித்துப் பாருங்கள். பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால் சாவி போட்டதும் அந்த விளக்கு எரிந்து, வண்டி கொஞ்சம் நகர்ந்ததும் அணைய வேண்டும், எரிந்துகொண்டே இருந்தால் ஏபிஎஸ் வேலை செய்யவில்லை. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள், நடுவில் தட்டினால் பெரிதாக ஒருமுறை விழுந்த வண்டி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கள், முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று யோசிக்க வேண்டும்.

ஹெல்மெட்டை ஊரில் இருந்து கொண்டு போங்கள். கடையில் தருவது பாதி மண்டைக்கு மூடுகிற பழைய தொப்பி, ஸ்ட்ராப் நிற்காது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு ஹெல்மெட், வெள்ளைக் கண்ணாடியோடு, துணிப்பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போகலாம். கையுறை கட்டாயம், விழும்போது முதலில் தரையில் படுவது உள்ளங்கை. 2023இல் கேரளா ஏஐ கேமரா போட்டதில் இருந்து நம் பையன்கள் செக்போஸ்ட் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி ஹெல்மெட்டை மாட்டுகிறார்கள், திரும்பி வரும்போது லோயர் கேம்ப்பில் கழற்றி டேங்கில் வைக்கிறார்கள், மண்டைக்கு எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தாய்லாந்தில் ஹெல்மெட் இல்லாவிட்டால் 2022இல் இருந்து அபராதம் 2,000 பாட் வரை. சியாங் மாய் நகருக்குள் போலீஸ் சோதனை அடிக்கடி நடக்கும், ஹெல்மெட்டும் ஐடிபியும்தான் பார்ப்பார்கள். அபராதம் விழுந்தால் ரசீது வாங்கிக் கட்டுங்கள், தெருவிலேயே பேரம் பேச வேண்டாம்.

ஓட்டும்போது

எடுத்த அன்றே நீண்ட தூரம் கிளம்ப வேண்டாம். முதல் நாளுக்கு சமெங் சுற்று சரியாக இருக்கும். சியாங் மாயில் இருந்து மே ரிம் வழியாக 1096ஆம் எண் சாலையில் ஏறி 1269இல் இறங்கி வந்தால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர், அரை நாள் வேலை, வளைவுகள் நிறைய, போக்குவரத்து குறைவு. வண்டியில் ஏதாவது கோளாறு இருந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், சாயங்காலமே கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு பெரிய சுற்று. சியாங் மாயில் இருந்து 107இல் வடக்கே போய், மே மாலையில் இடது பக்கம் 1095இல் திரும்பினால் பாய் என்ற சின்ன ஊர், 130 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அந்தச் சாலையின் 762 வளைவுகளைப் பனியனில் அச்சடித்தே விற்கிறார்கள். பாயில் இருந்து மே ஹாங் சோன், அங்கிருந்து 108இல் குன் யுவாம், மே சரியாங் வழியாக ஹோட், சோம் தோங் வந்து சியாங் மாய் திரும்பினால் ஏறக்குறைய 600 கிலோமீட்டர், 1,864 வளைவுகள் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு. நான்கு நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். சோம் தோங்கில் இருந்து தோய் இந்தானோன் ஏறலாம், 2,565 மீட்டர், தாய்லாந்தின் உயரமான சிகரம், நம் ஆனைமுடியைவிட 130 மீட்டர்தான் குறைவு, டிசம்பரில் கையுறைக்குள்ளும் விரல் மரத்துப்போகும்.

ஏற்றத்தில் 150 சிசி வண்டிக்குக் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை கிடையாது. கொண்டை ஊசி வளைவுக்குள் மூன்றாவது கியரில் நுழைந்தால் நடுவில் திணறி நிற்கும், நின்ற இடத்தில் சாயும், ஃபேரிங் காசு போகும். வளைவுக்கு முன்னாலேயே இரண்டாவது, ரொம்பச் செங்குத்து என்றால் முதல் கியர். ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஹேண்டில்பார் அதிகம் திரும்பாது என்பதால் ஸ்ப்ளெண்டரை ஒடித்துத் திருப்புவதுபோல் இதைத் திருப்ப முடியாது, பாதையைக் கொஞ்சம் அகலமாக எடுக்க வேண்டும்.

இறக்கத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறதே, இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் மலையடிவாரம் வரை உருட்டிக்கொண்டே வருவது, அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். கார்புரேட்டர் காலத்துச் சிக்கனம் அது. இப்போதைய ஃபியூயல் இஞ்செக்ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை மூடினால் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலை வண்டியே நிறுத்திவிடுகிறது, நியூட்ரலில் ஐடிலிங்கில் விட்டால்தான் குடிக்கும். கியரில் இறங்கினால் இன்ஜின் பிடித்து இழுக்கும், பிரேக் சூடாகாது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் கடைசி வளைவில் லீவர் பஞ்சுபோல் அமுங்கும்.

இடது பக்கம் ஓட்டும் நாட்டில் வலது வளைவில் சாயும்போது டயர் உங்கள் பக்கத்தில் இருந்தாலும் தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டிவிடும். 1095இல் சுற்றுலா வேன்கள் அந்தக் கோட்டை மதிப்பதில்லை, நம் ஜீப்காரர்கள்போலத்தான். அதனால் வலது வளைவில் நடுக்கோட்டில் இருந்து ஒரு மீட்டர் தள்ளியே இருங்கள். இடது வளைவில் உள் ஓரத்தில் மண்ணும் சருகும் ஒதுங்கிக் கிடக்கும். நாய்கள் தார் ரோட்டில் படுத்திருக்கும், எழுந்து போகாது, நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும்.

ஊருக்குள் ஹாரன் அடிக்காதீர்கள். அங்கே யாரும் அடிப்பதில்லை, அடித்தால் சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்வார்கள். கண் மறைவான மலை வளைவில் சின்னதாக ஒன்று அடித்தால் தப்பில்லை. எதிரே வருகிறவர் லைட் அடித்தால் நம் ஊரில் உள்ள அதே அர்த்தம்தான், நான் வருகிறேன் நில். நடுவில் தடுப்புள்ள பெரிய சாலைகளில் யூ-டர்ன் எடுக்க வலது ஓரத்துக்குப் போக வேண்டியிருக்கும், பின்னால் வரும் வண்டிகள் அங்கேதான் வேகமாக வருகின்றன, சின்ன வண்டி வைத்துக்கொண்டு குறுக்கே வெட்டாமல் அடுத்த சிக்னல் வரை போய்த் திரும்புங்கள். பாங்காக்கின் கட்டணச் சாலைகளிலும் மோட்டார்வேக்களிலும் பைக்குக்கு அனுமதியே இல்லை, மேப்பில் அதைத் தவிர்க்கும்படி முதலிலேயே மாற்றி வையுங்கள்.

பெட்ரோல் பங்கில் கேஸோஹால் 95, அதாவது எத்தனால் கலந்த பெட்ரோல், போடுங்கள், இ20 என்றால் டேங்க் மூடியில் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, இ85 வேண்டவே வேண்டாம். மலையில் பாதி டேங்க் ஆனதும் நிரப்பிவிடுங்கள், மே ஹாங் சோனுக்கும் மே சரியாங்குக்கும் நடுவில் காடுதான்.

நவம்பரில் இருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நல்ல காலம். அதற்கப்புறம் ஏப்ரல் வரை காட்டிலும் வயலிலும் தீ வைக்கும் புகை, எதிர் மலைகூடத் தெரியாது, தொண்டை எரியும். மேயில் இருந்து அக்டோபர் வரை மழை. ஏப்ரல் 13 முதல் 15 வரை அவர்கள் புத்தாண்டான சொங்கிரான், நம் சித்திரை ஒன்றாம் தேதியும் அதற்குள்தான் வருகிறது, ஊரே தெருவில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றும், ஓடுகிற பைக் மேலும் ஊற்றுவார்கள். வருஷத்தில் அங்கே விபத்துகள் உச்சத்துக்குப் போகும் நாட்களில் அவையும் சேர்த்தி. அந்த மூன்று நாளும் வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு நடந்து போய் நனையுங்கள்.

விழுந்துவிட்டால்

ஆம்புலன்ஸுக்கு 1669, சுற்றுலாப் போலீஸுக்கு 1155, ஆங்கிலத்தில் பேசலாம். இரண்டையும் போனில் மட்டும் இல்லாமல் ஒரு தாளிலும் எழுதி ஜாக்கெட்டில் வையுங்கள், கூடவே ரத்த வகை, பாலிசி எண், ஊரில் ஒரு ஆளின் நம்பர். சியாங் மாயில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இன்னொருவர் சம்பந்தப்பட்ட விபத்து என்றால் அங்கிருந்து கிளம்பாதீர்கள், புரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், கடைக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே போன் செய்யுங்கள். போலீஸ் அறிக்கையின் நகல் இல்லாமல் க்ளெய்ம் நகராது.

வேறு நாடு என்றால்

இந்தியா கொடுக்கும் ஐடிபி 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் ஐடிபியை. அதனால் நம் ஐடிபி அங்கே பைக்குக்குச் செல்லாது, வலது பக்க ஓட்டமும் சேர்ந்துகொள்கிறது. ஹா ஜாங் மலைச் சுற்றுக்கு ஆசை இருந்தால் ஓட்டுநரோடு பைக் கிடைக்கிறது, பின்னால் உட்கார்ந்து போய் வாருங்கள்.

காசு இருக்கிறவர்களுக்கு ஜப்பான். அது 1949 ஒப்பந்த ஐடிபியைத்தான் ஏற்கிறது, நம்முடையது செல்லும், இடது பக்க ஓட்டம் வேறு. 250 சிசிக்கு மேலே போனால் அங்கே குறித்த காலத்துக்கு ஒருமுறை பெரிய செலவுள்ள சோதனை கட்டாயம், அதனாலேயே 250 சிசி ஸ்போர்ட்ஸ் வண்டிகள் அங்கே அருமையாக வருகின்றன, சிபிஆர்250ஆர்ஆர், நான்கு சிலிண்டர் நின்ஜா இசட்எக்ஸ்-25ஆர் மாதிரி. 125 சிசி வரையுள்ள வண்டிகளை எக்ஸ்பிரஸ்வேயில் விட மாட்டார்கள். இலங்கைக்கு மதுரையில் இருந்தே விமானம் உண்டு, வடக்கிலும் கிழக்கிலும் பேச்சும் நம் பேச்சு, ஆனால் ஐடிபியைக் காட்டி அங்கேயே உள்ளூர் அனுமதியும் வாங்க வேண்டும், வாங்காமல் ஓட்ட வேண்டாம்.

திருப்பிக் கொடுக்கும்போது

விமானம் ஏறும் நாளில் வண்டியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், முதல் நாள் மதியமே கொடுங்கள். அவசரத்தில் இருப்பவரிடம் எந்தக் கீறலுக்கும் காசு வாங்கலாம் என்பது உலகத்தில் எல்லா வாடகைக் கடைக்காரருக்கும் தெரியும். வெயில் இருக்கும்போது, வண்டியைக் கழுவிவிட்டு, எடுத்த அளவுக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போங்கள், சேறோடு போனால் கழுவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று இழுப்பார்கள். போன் வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டே அவரோடு வண்டியைச் சுற்றி வாருங்கள். புதுக் கீறல் உங்களால்தான் வந்தது என்றால் விலைப்பட்டியலில் உள்ளதைக் கொடுத்துவிடுங்கள், பட்டியலில் இல்லாத தொகை கேட்டால் சுற்றுலாப் போலீஸைக் கூப்பிடலாமா என்று மெதுவாகக் கேளுங்கள். டெபாசிட்டை எண்ணி வாங்கி, நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தாளில் வண்டி திரும்பப் பெறப்பட்டது என்று எழுதித் தேதியோடு கையெழுத்து வாங்கி, அதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.